கேட் எத்தனை மணிக்குத் திறந்தது?

1950-களின் மலாயா நாளிதழ்களில் அடிக்கடி வரும் கதவு வீட்டுக் கதவு அல்ல. முள்கம்பி வேலியில் வைத்த கேட். அதை எத்தனை மணிக்கு மூடுவார்கள், யார் வெளியே போகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதெல்லாம் அன்றைய செய்திகள்.

பல்கலைக்கழகப் பாடம் ஒன்றுக்காக, சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்களைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். நூலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். செய்தியில் வரும் ஊர்களோ நம்முடையவை: கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமாட்.

‘பிரிக்ஸ் திட்டம்’ என்ற பெயரை வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, காட்டோரம் வசித்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், ஏறக்குறைய 480 புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த வேலை முதலில் தொடங்கியது ஜொகூரில்தான். தோட்டங்களும் தப்பவில்லை. சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி போட்டு, கேட் வைத்தார்கள்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்பதே நோக்கம். அதற்குச் செய்த ஏற்பாடுகளைப் படித்தால் வியப்பாக இருக்கிறது. டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். திறந்த டின்னைப் பதுக்கி வைக்க முடியாது அல்லவா? சில இடங்களில் வீட்டில் அரிசி வைத்திருக்கவே தடை. பொதுச் சமையற்கூடத்தில் சோறாகத்தான் வாங்க வேண்டும். நம் ஊர் வெயிலில் சோறு ஒரு நாள்கூடத் தாங்காது. அதுவும் கணக்கில்தான் இருந்தது.

ஆனால் நான் படித்த செய்திகளில் விடை கிடைக்காத ஒரு கேள்வி உண்டு. பால்மரம் வெட்டுகிறவர்கள் என்ன செய்தார்கள்? ரப்பர் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு. ஊரடங்கு முடிந்து கேட் திறந்து, வரிசையில் நின்று சோதனையும் முடிந்து மரத்தடிக்குப் போனால், நல்ல நேரம் போய்விடும். பாலின் அளவுக்கு ஏற்பக் கூலி வாங்கியவர்களுக்கு அது நேரடி நஷ்டம். இத்தனைக்கும் அது கொரியப் போரால் ரப்பர் விலை உச்சத்துக்குப் போன காலம்!

என் பாட்டிக்கு அப்போது பத்து வயது. கூலாய்ப் பக்கத் தோட்டம் ஒன்றில், அம்மாவுக்குக் கட்டிப்பால் பொறுக்கிக் கொடுக்கக் கூடவே போவாராம். “பால் வாளியைக் கவுத்துக் காட்டணும். தூக்குச்சட்டி கூடாது. வெறுங்காப்பியைக் குடிச்சிட்டுப் போனா, திரும்பி வந்துதான் சோறு” என்றார். எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டேன். “அவங்க வர்றப்ப” என்றார். செய்தித்தாளில் நேரம் எப்போதும் துல்லியமாக இருக்கும்.

1952 மார்ச்சில் பேராக்கின் தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் பன்னிரண்டு பேர் பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டபோது, ஜெனரல் டெம்ப்ளர் அந்த ஊருக்கு நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். ஏறக்குறைய இரண்டு வாரம், மக்கள் வீட்டைவிட்டு வெளியே வர நாளுக்கு இரண்டு மணி நேரம்தான். வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுத்து, தெரிந்ததை எழுதச் சொல்லி, பூட்டிய பெட்டிகளில் சேகரித்தார்கள். இது வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போன செய்தி. அதில் டெம்ப்ளர் பேசியது வந்தது. கதவுக்குள் இருந்தவர்கள் பேசியது அரிதாகவே வந்தது.

1956-இல் சிலாங்கூரின் செமினியில் நடந்தது கொஞ்சம் வேறு. வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டில் ஆடை களையச் சொல்லிச் சோதித்ததாகப் புகார் எழுந்தது. அரசாங்கம் விசாரணைக் குழு அமைக்க வேண்டி வந்தது, அறிக்கையும் வெளியானது. அங்கே மட்டும் வரிசையில் நின்றவர்களே செய்தி ஆனார்கள், அவர்கள் வாய் திறந்ததால்.

கேட்கள் ஒரே நாளில் போகவில்லை. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி முதல் ‘வெள்ளைப் பகுதி’ ஆனது. அங்கே கட்டுப்பாடுகள் நீங்கின. ஜொகூர் இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்தது. அவசரகாலம் அதிகாரபூர்வமாக முடிந்தது 1960 ஜூலை 31. பாட்டிக்கு அந்தத் தேதி தெரியாது. தூக்குச்சட்டியோடு கேட்டைத் தாண்டிய முதல் நாள் அதில் இருந்தது கருவாடு என்பது மட்டும் தெரியும்.