குழந்தைகள் நலக்குழு அழைத்தால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளையின் முதுகில் தழும்பைக் கண்ட ஆசிரியை 1098-க்குத் தகவல் தருகிறார். மறுநாள் வீட்டு வாசலில் அதிகாரிகள் நிற்கிறார்கள். இத்தகைய நேரத்தில் நம் குடும்பங்களில் பெரும்பாலும் கோபம் அல்லது பயம், இந்த இரண்டில் ஒன்றுதான் வெளிப்படுகிறது. இரண்டுமே பிள்ளைக்கு உதவாது.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக்குழு உண்டு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் இருக்கிறது. எனவே அதன் அழைப்பை அலட்சியம் செய்யக்கூடாது. பாதுகாப்புக்காக அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணையை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பிள்ளை முதலில் நிறுத்தப்பட்டதிலிருந்து 4 மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும். பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் கொள்கைதான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. வந்தவரின் பெயர், பதவி, அலுவலகம், புகாரின் தன்மை ஆகியவற்றைப் பணிவாகக் கேட்டு, தேதியுடன் எழுதி வையுங்கள்.

2. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி ஆவணம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பிள்ளை விழுந்து காயம்பட்டது உண்மையானால் மருத்துவமனைச் சீட்டே அதற்குச் சாட்சி.

3. படித்துப் புரியாத எதிலும் கையெழுத்திடாதீர்கள். குறிப்பாக, பிள்ளையை ஒப்படைக்கும் பத்திரம் பாரதூரமானது. அதில் கையெழுத்திட்டவர்கள் மறுபரிசீலனை செய்ய 2 மாத அவகாசம் மட்டுமே உண்டு.

4. பிள்ளை தற்காலிகமாக வீட்டிற்கு வெளியே இருக்க நேர்ந்தால் நன்னி, தாய்மாமா போன்ற உறவினரைத் தகுதியான நபராகப் பரிசீலிக்கும்படி குழுவிடம் கேளுங்கள்.

5. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். உதவி எண் 15100. குழுவின் ஆணையில் குறையிருப்பதாகக் கருதினால் 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

6. "வீட்டில் நடந்ததைச் சொல்லாதே" என்று பிள்ளைக்குப் பாடம் சொல்லாதீர்கள். அது பிள்ளையைப் பொய்யில் பழக்குவதாகும். நமக்கே சாதகமற்றதாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படிதான் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். "பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லி ஹதீஸ் இருக்கிறதே" என்று அதிகாரியிடமே வாதிடும் தந்தையர் உண்டு. அந்த ஹதீஸுக்கு விளக்கம் தந்த ஃபுகஹாக்கள் காயமோ தழும்போ ஏற்படக் கூடாது என்று வரம்பிட்டிருக்கிறார்கள். முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறைகூட "சீ" என்று சொன்னதில்லை. பெல்ட்டால் அடித்துவிட்டு மார்க்கத்தின் பெயரைச் சொல்வது மார்க்கத்தின் மீதே பழி போடுவதாகும். சட்டமும் அதை ஏற்காது. பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தோடு குழுவின் முன் போய் நில்லுங்கள். மொழி தெரியாதவருக்கு உதவுங்கள். ஆனால் பாலியல் குற்றத்தைப் பஞ்சாயத்து பேசி முடிக்காதீர்கள். போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்தும் மறைப்பதே குற்றம். பிள்ளையின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதும் சட்டப்படி குற்றமே.

புகார் பொய்யானால் உண்மையும் பொறுமையுமே நம்மைக் காக்கும். புகார் உண்மையானால் காக்கப்பட வேண்டியது நம் மானமல்ல, பிள்ளை. பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம். ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளோர் குறித்து விசாரிக்கப்படுவோம் என்பது நபிமொழி. நலக்குழுவின் விசாரணை சில மாதங்களில் முடிந்துவிடும். மறுமையின் விசாரணைக்கு நாம் இன்றே தயாராக வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக!