பீட்சாவோடு வரும் ஆரிகனோ பாக்கெட்... உள்ளே இருப்பது வெறும் இலைதானா?

பீட்சா ஆர்டர் செய்தால் கூடவே நாலு ஆரிகனோ பாக்கெட்டும் வந்துவிடும். ஒன்றைப் பிரித்துத் தூவுவோம். மீதி ஃபிரிட்ஜ் கதவில் சேர்ந்துகொண்டே போகும். 'வீணாப் போகுதே' என்று ஒருநாள் ஆம்லெட், நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல் என எல்லாவற்றிலும் போட ஆரம்பிப்போம். ருசியாகத்தான் இருக்கும். ஆனால், அதில் இலை மட்டும்தான் இருக்கிறதா?

ஹெர்ப்ஸ் வேறு, சீசனிங் வேறு

'மிக்ஸ்டு ஹெர்ப்ஸ்' என்பது காய்ந்த இலைகளின் கலவை. ஆரிகனோ, தைம், பேசில், ரோஸ்மேரி, மார்ஜோரம் போன்றவை இருக்கும். 'சீசனிங்' என்று போட்டிருந்தால் இலையோடு உப்பு, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, மிளகாய், சில சமயம் சர்க்கரையும் சேர்ந்திருக்கலாம்.

இது ஏன் முக்கியம்? அப்பாவுக்கு பி.பி. என்று குழம்பில் உப்பைக் குறைத்திருப்போம். அதே வீட்டில் 'இலைதானே' என்று இதைத் தாராளமாகத் தூவினால், குறைத்த உப்பு வேறு வழியில் தட்டுக்கு வந்துவிடும்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

பொருட்களின் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். முதல் இரண்டு, மூன்று இடத்துக்குள் உப்பு இருந்தால் உஷாராகிவிடுங்கள். அடுத்து சோடியம் அளவு. அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

உதாரணத்துக்கு, 100 கிராமில் 8,000 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், 20 கிராம் உப்பு என்று அர்த்தம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு உப்பு! அதில் 5 கிராம் போட்டால் 1 கிராம் உப்பு சேர்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவே, சீசனிங் போடும் சமையலில் உப்பைக் கடைசியாக, ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எப்போது சேர்க்க வேண்டும்?

பச்சை இலை ஒரு டேபிள் ஸ்பூன் என்றால், காய்ந்தது ஒரு டீஸ்பூன் போதும். கறிவேப்பிலை தாளிப்பது போல நன்கு காய்ந்த எண்ணெயில் போடாதீர்கள். சட்டெனக் கருகிக் கசக்கும். தக்காளி வதங்கும்போது ஆரிகனோ, தைம், ரோஸ்மேரியைக் கையால் கசக்கிப் போட்டால், ஈரத்தில் ஊறி மணம் இறங்கும். பேசிலை மட்டும் அடுப்பை அணைக்கும் முன் சேர்க்கலாம்.

நம்ம வீட்டிலேயே இருக்கு!

தைமின் மணத்துக்குக் காரணமான தைமால், நம் ஓமத்திலும் இருக்கிறது. ஆரிகனோவுக்கு மணம் தரும் கார்வக்ரால், தொட்டியில் வளரும் கற்பூரவள்ளியிலும் உண்டு. கற்பூரவள்ளி, ஆரிகனோ, தைம் மூன்றுமே துளசி, புதினா குடும்பத்துச் செடிகள்தான். அதனால் ஆரிகனோ தீர்ந்துவிட்டால் ஒரு கற்பூரவள்ளி இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். மணம் தூக்கலாக இருக்கும் என்பதால் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

உப்பில்லாத கலவை வேண்டுமா? ஆரிகனோ 2 ஸ்பூன், பேசில் 1, தைம் 1, ரோஸ்மேரி அரை, இடித்த மிளகாய் அரை ஸ்பூன். கலந்து பாட்டிலில் போட்டால் வேலை முடிந்தது.

செய்யக்கூடாத இரண்டு

கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தூவாதீர்கள். ஆவி உள்ளே போய் கட்டி பிடிக்கும், பூஞ்சையும் வரலாம். உலர்ந்த ஸ்பூனில் எடுத்துப் போடுங்கள்.

பச்சை இலை, பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அடுப்படியில் நாள்கணக்கில் வைப்பதும் ஆபத்து. எண்ணெய்க்குள் காற்று புகாது என்பதால், பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் பாக்டீரியா அதில் வளரலாம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

சரி, ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் பழைய பாக்கெட்டுகள்? தேதியைப் பாருங்கள். தேதி தாண்டவில்லை என்றால் ஒன்றைப் பிரித்து, உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். வாசம் வந்தால் வைத்துக்கொள்ளலாம். வரவில்லை என்றால் அது வெறும் சருகு, தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.