பன்னிரண்டு சார்மினார் தூரம்

ஹைதராபாத் சார்மினாரின் ஒரு பக்கம் சுமார் 20 மீட்டர். அப்படிப் பன்னிரண்டு சார்மினார்களை ஒட்டி ஒட்டி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதையும் தாண்டிய தூரத்தை, காலில் மாட்டிய இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளோடு ஒருவர் பறந்தே கடந்திருக்கிறார்! 2025 மார்ச் 30 அன்று, ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் டோமன் பிரெவ்ட்ஸ் தொட்ட 254.5 மீட்டர், அன்றைக்குப் புதிய உலக சாதனை. அதே மாதம் நார்வேயில் 236 மீட்டர் பறந்து பெண்களுக்கான சாதனையைப் படைத்தவர் யார் தெரியுமா? அவருடைய தங்கை நிகா!

ஸ்கீ ஃப்ளையிங் என்னும் இந்த விளையாட்டில் வீரர்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மேடையை விட்டுக் கிளம்புகிறார்கள். பலகைகளை ஆங்கில 'வி' எழுத்துபோல விரித்து, உடலை முன்னால் சாய்த்தால், ஆளே ஓர் இறக்கையாகிவிடுகிறார். கீழே மலைச்சரிவும் அவரோடு சேர்ந்தே இறங்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் தரை தொடும்போது கால்கள் தாங்குகின்றன. அப்போதும் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே என்று அழகாக இறங்கினால்தான் நடுவர்கள் முழு மதிப்பெண் தருவார்கள்.

இதன் உலக சாம்பியன்ஷிப் 1972இல் பிளானிட்சாவில்தான் தொடங்கியது. தனிநபர் பட்டத்துக்கு இரண்டு நாளில் நான்கு சுற்றுகள். 2004இல் குழுப் போட்டியும் சேர்ந்தது: நாட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு முறை. ஒருவர் தடுமாறினாலும் பதக்கம் நால்வருக்கும் கைநழுவிப் போகலாம்.