நிழலின் நிறம் என்ன?



வகுப்பில் மரம் வரையச் சொன்னால், பிள்ளைகள் இலைக்குப் பச்சையும் நிழலுக்குக் கருப்பும் தீட்டுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். குளோட் மோனே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்களைப் பார்த்த பிறகே என் பிழை எனக்குத் தெரிந்தது.

மோனே 1883 முதல் ஜிவெர்னி என்னும் கிராமத்தில் குடியிருந்தார். வீட்டருகே இருந்த வயலில் கோதுமைக் கதிர்க் கட்டுகளைப் போராக அடுக்கி வைத்திருந்தார்கள். கதிரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றி வரும். அது வரும் வரை கதிர்ப்போர் வயலிலேயே நிற்கும். 1890இல் கோடை முடியும் வேளையில் மோனே அதை வரையத் தொடங்கினார். பனி பெய்தும் விடவில்லை. ஏறத்தாழ 25 படங்கள்!

ஒரே பொருளை ஏன் இத்தனை முறை வரைய வேண்டும்? அவர் வரைந்தது கதிர்ப்போரையன்று, அதன்மேல் விழுந்த வெயிலை. வெளிச்சம் மாறியதும் கையிலுள்ள படத்தை வைத்துவிட்டு, அந்த நேரத்துக்குரிய படத்தை எடுத்துக்கொள்வார். மறுநாள் அதே வெளிச்சம் வரும்போது பழையதைத் தொடர்வார். வானம் மூடிக்கொண்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

பனிமேல் விழுந்த நிழலை அவர் நீலமாகத் தீட்டினார். ஏனென்றால், நிழல் என்பது சூரியனின் நேர் ஒளி மறைந்த இடமே தவிர, இருட்டு அன்று. நீல வானத்தின் ஒளி அங்கே விழுந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைப் பனி அந்த நீலத்தை அப்படியே காட்டிவிடும். பக்கத்தில் மாலை வெயிலின் ஆரஞ்சு நிறம் இருந்தால் நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும். எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பதை, கம்பளச் சாயப் பட்டறையில் வேலை பார்த்த ஷெவ்ருல் என்ற வேதியியல் அறிஞர் 1839இலேயே நூலாக எழுதிவிட்டார்.

ஆனாலும் கண் பழகியவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. பனி மூடிய வேலியும் அதன் நீல நிழலும், படல்மேல் ஒற்றைப் பறவையுமாக மோனே முன்பே ஒரு படம் வரைந்திருந்தார். 1869இல் பாரிசின் பெரிய கண்காட்சித் தேர்வுக் குழுவினர் அதைத் தள்ளிவிட்டார்கள். இன்று அதே படம் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதிர்ப்போர்ப் படங்களின் கதை வேறு. 1891 மே மாதம் 15 படங்களை ஒன்றாக மாட்டினார்கள். சில நாட்களிலேயே விலைபோயின.

நாளை வெயில் ஏறியதும், பிள்ளையின் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள். பாதி வெயிலிலும் பாதி வீட்டு நிழலிலுமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மரத்தடி வேண்டாம், இலைப்பச்சை ஏறிவிடும். நிழல் பாதி என்ன நிறம் என்று அவனே சொல்லட்டும்.