மேலெழுதலால் நிரல் முறிதல்

மேலெழுதல் என்பது பொருள்நோக்கு நிரலாக்கத்தில், தாய் வகுப்பிடமிருந்து மரபுரிமையாகப் பெற்ற மெத்தடைச் சேய் வகுப்பு தனக்கேற்ப மாற்றி எழுதுவதாகும்.

ஆரணிப் பட்டுக்கடை ஒன்றில் பில் போடும் ஜாவா நிரலை எடுத்துக்கொள்வோம். 'சேலை' வகுப்பின் கன்ஸ்ட்ரக்டர், விலை கணக்கிடும் மெத்தடை அழைக்கிறது. 'பட்டுச்சேலை' என்ற சேய் வகுப்பு அந்த மெத்தடை மேலெழுதி, 'ஜரிகை' என்ற பொருளிடம் எடையைக் கேட்கிறது. புதிய பட்டுச்சேலை உருவாகும்போது தாயின் கன்ஸ்ட்ரக்டரே முதலில் இயங்கும். ஆனால் அது அழைப்பது சேயின் மெத்தடை. அந்நேரம் ஜரிகைக்கு மதிப்பு இடப்பட்டிராது. எனவே நல் பாயின்டர் பிழை எழுந்து, பில் வராமல் நிரல் நின்றுவிடும்.

2004இல் ஜாவா 5 தந்த 'ஓவர்ரைடு' குறிப்பு இப்பிழையைப் பிடிக்காது. மேலெழுதக்கூடிய மெத்தடுகளைக் கன்ஸ்ட்ரக்டரில் அழைக்காமலிருப்பதே தீர்வு.