வலையும் உறவும்

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துக்கு அருகே இருக்கிறது தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகம் அங்கேதான். பல குப்பத்தாரின் படகுகள் அங்கே அடுத்தடுத்துக் கட்டிக் கிடக்கின்றன. ஆயினும், எந்த வலையை வீசலாம், எதை வீசலாகாது என்று தீர்மானிக்கும் பஞ்சாயத்து மட்டும் குப்பத்துக்குக் குப்பம் வேறு. இந்த வித்தியாசத்தில் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

சோழமண்டலக் கரை நெடுகிலும் மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வெகு காலமாக நடந்து வருகிறது. அதை எந்தச் சர்க்காரும் ஏற்படுத்தவில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலாகிறது, கோயில் திருவிழா நடக்கிறது, வழக்குகள் தீருகின்றன. கட்டுப்பாட்டை மீறியவனுக்கு அபராதம் உண்டு. ஜவான் துணையின்றி விதித்த அபராதத்தை அவன் ஏன் செலுத்துகிறான்? அடுத்த வீடு மைத்துனன் வீடு. எதிர் வீடு சம்பந்தி வீடு. படகில் கூட வருகிறவன் பங்காளி. விடியற்காலையில் செய்த காரியம் பொழுது சாயுமுன் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். நாளைக்குப் பெண் கேட்டுப் போகவேண்டிய வாசலில் இன்றைக்குப் பெயரைக் கெடுத்துக்கொள்ள யார் துணிவார்?

ஜனங்கள் தாமே விதி வகுத்துப் பொதுச் சொத்தைக் காத்துக்கொள்ளக் கூடும் என்பதை 1990-இல் வெளியான நூலில் விளக்கிய அமெரிக்க மாது எலினார் ஆஸ்ட்ரம், 2009-இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டாருக்கு இது புதுச் செய்தியன்று.

ஆனால் உறவு குற்றத்தைத் தடுப்பது போலவே குற்றத்தை மறைக்கவும் வல்லது. இதை உத்தரமேரூரார் நன்கு அறிந்திருந்தனர். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் கல்லில் பொறித்த குடவோலை விதிகளைப் பாருங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்களும், அத்தை, மாமன் மக்களும், இன்னும் பல உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகாதவர். மருமகனைக்கூட விட்டுவைக்கவில்லை! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உறவின் பலத்தை இவ்வளவு நுட்பமாக எடை போட்ட சபை வேறெங்கேனும் உண்டோ, நாம் அறியோம்.

உத்தரமேரூரார் எதிர்ப்படாத சங்கடம் ஒன்று கடற்கரையில் உண்டு. கடலுக்கு வேலி இல்லை. உறவுக்கோ எல்லை உண்டு. 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலை காரணமாக வீராம்பட்டினத்தாருக்கும் நல்லவாட்டாருக்கும் கடலிலே மோதல் மூண்டது. போலீஸார் வானத்தை நோக்கிச் சுடும்படி ஆயிற்று. அந்த வலை மீன் கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி, குஞ்சு குளுவான்களையும் அள்ளிவிடுகிறது என்பது ஒரு கட்சி. பெருங்கடன் பட்டு வாங்கிய வலையை வீசாமல் எப்படிப் பிழைப்பது என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் சண்டைக்காரர்கள் என்று சொல்வது நியாயமாகாது. தத்தம் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அடங்கியவர்களே அவர்கள். ஊருக்குள் கட்டுப்பாடு இறுக இறுக, 'எதிர் ஊரார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்று வாய் திறப்பது அரிதாகிறது.

அப்படியானால் ஊர்களுக்கு இடையே போக்குவரத்தாக இருப்பவர் யார்? மீன் விற்கும் பெண்களை நாம் சொல்லுவோம். ஏலக்கரையிலும் சந்தையிலும் வெவ்வேறு குப்பத்துப் பெண்கள் அருகருகே கூடை வைத்து உட்காருகிறார்கள், விலை பேசுகிறார்கள், கைமாற்றுக் கொடுத்து வாங்குகிறார்கள். எந்த வலை வந்தபின் எந்த மீன் குறைந்தது என்பது அவர்களுக்குக் கூடைக் கணக்காகவே தெரியும். ஊர்ப் பஞ்சாயத்திலோ வழக்கப்படி ஆடவர்க்கே இடம்.