ஆலயத்துக்குள் ஒரு கடை



எங்கள் கிராம மருத்துவக் குழு மாதந்தோறும் செல்லும் ஊர்களில் ஒன்றில், சென்ற மழைக்காலத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அதுவரை வேப்பமரத்தடியில் மேசை போட்டு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து வந்தோம். மழையில் அது முடியவில்லை. பால்வாடிக் கட்டடம் ஒழுகியது. அந்த ஊரில் நாற்பது பேர் நனையாமல் உட்காரக்கூடிய ஒரே இடம் ஆலயம்தான். வாரத்தில் ஆறு நாளும் அது பூட்டியே கிடக்கிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட்டபடியால் ஞாயிற்றுக்கிழமையும் இருபது பேருக்கு மேல் கூடுவதில்லை. உள்ளே வைத்து நோயாளிகளைப் பார்க்கலாமா என்று சபைக் கமிட்டியாரைக் கேட்டோம்.

மூப்பர் ஒருவர் எழுந்து நின்று மறுத்தார். எண்பதை நெருங்குகிறவர், எங்கள் மருத்துவமனையில் இருமுறை சிகிச்சை பெற்றவர். "ஐயா, வெள்ளைக்காரன் ஊர்ல கோயிலையெல்லாம் கடையாக்கிட்டானாம். நம்ம ஊர்லயும் அப்படி ஆரம்பிக்கணுமா? முழங்கால் போடுற இடத்துல ரத்தம் குத்தி எடுக்கவா?" என்றார். ஆண்டவர் தேவாலயத்தில் காசுக்காரருடைய பலகைகளைக் கவிழ்த்ததையும் நினைப்பூட்டினார். அவர் பேச்சை அசட்டை செய்ய எங்களால் முடியவில்லை. பனையேறிகளின் காணிக்கையில் எழுந்த ஆலயம் அது. கல் சுமந்தவர்களில் அவருடைய தாயாரும் ஒருவர்.

இங்கிலாந்தில் ஆலயம் கடையானது உண்மைதான். ஆனால் அது நடந்த விதம் வேறு. பங்காளர்கள் சிலரும் கடிதங்களில் இதைப்பற்றி வருத்தத்தோடு கேட்டிருக்கிறார்கள். நமக்கு மிஷனரிகளை அனுப்பிய சபைகளின் காரியமானபடியால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

விற்கப்பட்ட ஆலயங்கள் உண்டு. 1932இல் மெதடிஸ்டுப் பிரிவுகள் ஒன்றுசேர்ந்தபோது, ஒரே கிராமத்தில் இரண்டு மூன்று சிற்றாலயங்கள் ஒரே சபைக்குச் சொந்தமாகிவிட்டன. மிஞ்சியவற்றில் பல காலப்போக்கில் வீடுகளாகவும் பட்டறைகளாகவும் மாறின. இங்கிலாந்துத் திருச்சபையிலும் 1969 முதல் ஏறத்தாழ 2,000 ஆலயங்கள் மூடப்பட்டிருக்கின்றன. ஆயினும் அச்சபைக்கு இன்னும் ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் உள்ளன. அவற்றில் 12,000க்கு மேற்பட்டவை, நினைத்தபடி இடிக்கவோ மாற்றவோ கூடாத புராதனக் கட்டடங்களாக அரசால் பட்டியலிடப்பட்டவை. பெரும்பாலானவை கிராமங்களில்தான் நிற்கின்றன. ஒரே குருவானவர் ஆறு, ஏழு ஆலயங்களைச் சுற்றிவருகிறார். நம் சேகரகுருமார் இதை வாசித்தால் அதிசயப்படமாட்டார்கள்.

முந்நூறு பேருக்குக் கட்டிய ஆலயத்தில் பதினைந்து பேர் கூடினால் கூரையைப் பழுதுபார்ப்பது யார்? பிரச்சினை அங்கே தொடங்கியது. அதே காலத்தில் கிராமமும் காலியாகிக்கொண்டிருந்தது. பள்ளி மூடப்பட்டது, பேருந்து நின்றது, கடை போயிற்று. 2007 தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் அந்நாட்டில் ஏறக்குறைய 2,500 தபால் அலுவலகங்கள் மூடப்பட்டன. அங்கே முதியோர் பென்ஷன் பணம் வாங்க வந்ததும், நாலு பேரைப் பார்த்துப் பேசியதும் அந்தத் தபால் அலுவலகங்களில்தான். கடைசியில் ஊருக்குப் பொதுவென்று மிஞ்சிய கூரை ஆலயத்தினுடையது ஒன்றே.

வேல்ஸ் நாட்டு எல்லைக்கு அருகே ஹெரெஃபோர்டுஷயரில் யார்போல் என்றொரு சிற்றூர். ஊர்க்கடை மூடப்பட்டபின் ஊரார் தாங்களே பங்கு போட்டு ஒரு கடை தொடங்கித் தற்காலிகக் கொட்டகையில் நடத்தினார்கள். 2009இல் அந்தக் கடையும் தபால் அலுவலகமும் ஊரிலுள்ள பரிசுத்த லெனார்டு ஆலயத்தின் மேற்குப் பகுதிக்குள் வந்தன. மேல்மாடத்தில் காப்பி கிடைக்கிறது. கிழக்கே பீடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆராதனையும் நடக்கிறது. ரொட்டி வாங்க வந்த அம்மாள் மேலே ஏறி, மணமான மகனைப்பற்றியோ மூட்டுவலியைப்பற்றியோ ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகலாம். ஆஸ்பத்திரிச் சாப்ளின்களாகிய எங்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்புத் தெரியும். மாத்திரை கேட்டு வருகிறவர்களில் எத்தனையோ பேர் பேச ஆளில்லாமல் வருகிறார்கள்.

இதைப் புதுமை என்று அங்கே பலர் நினைத்தார்கள். உண்மையில் இது பழமை. இடைக்காலத்தில் பீடம் இருக்கும் பகுதியைப் பேணுவது குருவின் பொறுப்பு. ஜனங்கள் நிற்கும் கூடத்தைப் பேணுவது ஊராரின் பொறுப்பு. ஊரார் செலவில் நின்ற கூடத்தில் ஊர்க் காரியங்கள் நடந்தன. பஞ்சாயத்துக் கூடியது. விருந்து வைத்துக் காணிக்கை சேர்த்தார்கள். வாசல் மண்டபத்தில் பிள்ளைகள் படித்தார்கள். 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளுக்கு உதவி வழங்கும் பொறுப்பு ஆலயக் காவலருக்கும் இருந்தது. நிலையான பெஞ்சுகளை வரிசையாக அடித்துக் கூடம் முழுவதையும் நிரப்பியது பெருமளவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேலை. அந்தப் பெஞ்சுகளைத்தான் இப்போது கழற்றுகிறார்கள். அவையும் நூற்றைம்பது வயதாகிவிட்டபடியால் அவற்றைக் காக்கவும் சங்கம் வைத்து வாதாடுகிறார்கள்!

ஒரு பெஞ்சைக் கழற்றவும் அனுமதி வேண்டும். குருவானவரோ சபையோ விரும்பியபடி செய்ய இயலாது. திருமண்டலத்தின் நீதிபதி, நிபுணர் குழுவின் ஆலோசனையைக் கேட்டு, ஆட்சேபிப்பவர்களுக்குத் தவணை கொடுத்து, பிறகே உத்தரவிடுவார். அபிஷேகம் பண்ணப்பட்ட ஆலயத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட 2006ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. ஒரு நிபந்தனையோடுதான்: கட்டடம் முழுவதையும் வைத்துப் பார்க்கையில் அது முதன்மையாக ஆராதனைக்குரிய இடமாகவே நீடிக்கவேண்டும். ஆலயம் கடைக்கு இடம் கொடுக்கலாம், கடையாக மாறிவிடக்கூடாது. மூப்பருக்கு இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமே சொல்லியிருந்தாலும் போதுமாயிருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறோம்.

நம்மில் பலருக்குத் தும்பா நினைவுக்கு வரும. அங்கே மீனவ மக்கள் தங்கள் மரிய மகதலேனாள் ஆலயத்தை 1960களில் ராக்கெட் நிலையத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் பறந்தது. இன்று அவ்வாலயம் விண்வெளி அருங்காட்சியகம். அது பெரிய தியாகம். ஆனால் அது முழுவதையும் கொடுத்துவிடுவது. நாங்கள் எழுதுவது பகிர்ந்துகொள்வதைப்பற்றி.

எல்லா முயற்சியும் நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. மூடப்பட்ட ஆலயங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை ஒன்று 2014இல் நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள ஆல்ட்விங்கிள் ஆலயத்தில், சுற்றுலாப் பயணிகள் கட்டில் போட்டு இராத்தங்க வழிசெய்தது. கூரைக்குப் பணம் சேரலாம். அந்த ஊர்க் கிழவிக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. நாரிச் திருமண்டலத்தில் 2011 முதல் கோபுரங்களில் கருவி பொருத்திக் கிராமங்களுக்கு இணைய வசதி கொடுத்தது எங்களுக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மின்கட்டணம் தாங்காமல் வீட்டில் நடுங்கியவர்களுக்காகப் பல ஆலயங்கள் பகலில் சூடேற்றித் திறந்து வைக்கப்பட்டன.

பெரிய தடைகள் வேதசாஸ்திரத்தில் வருவதில்லை, கழிப்பறையில் வருகின்றன. அந்தப் பழைய ஆலயங்கள் பலவற்றில் தண்ணீர்க் குழாயே கிடையாது. குழாய் பதிக்கக் கல்லறைத் தோட்டத்தின் வழியே பள்ளம் தோண்டவேண்டும். எண்ணூறு வருடம் அடக்கம்பண்ணிய மண். எங்கே வெட்டினாலும் எலும்பு. தொல்லியல் அறிஞர் பக்கத்தில் நிற்கவேண்டும். கிடைத்த எலும்புகளை ஜெபத்தோடு மறுபடி புதைக்கவேண்டும். பிறகு வௌவால்கள். அவற்றை விரட்டுவது அந்நாட்டில் குற்றம். திருவிருந்து மேசையின்மேல் எச்சமிட்டாலும் பொறுத்துக்கொண்டு வழிதேடவேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் பிறகு, பொறுப்பெடுத்த நாலைந்து பேர் முதுமையடைந்ததும் நின்றுபோன முயற்சிகளும் உண்டு. ஊரைக் கேட்காமல் திட்டம் போட்ட இடங்களில் இது சீக்கிரமே நடக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மறுமுறை அந்த ஊருக்குப் போனபோது இவற்றையெல்லாம் மூப்பரின் திண்ணையில் உட்கார்ந்து சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நான் அ, ஆ படிச்சதே பழைய கூரைக் கோயில்லதான். வாத்தியார்தான் சாயங்காலம் ஜெபமும் நடத்துவார்" என்றார். திருநெல்வேலிச் சீமையில் மிஷனரிகள் காலத்து ஜெபவீடுகள் பல, கிழமை நாட்களில் பள்ளிக்கூடங்களாகவே இருந்தன. நாங்கள் சொல்லித்தர வேண்டியது ஒன்றுமில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

ஆனால் அவருடைய தயக்கம் அதோடு தீரவில்லை. அங்கே சட்டப்படி ஆலயம் ஊர் முழுவதற்கும் உரியது. அவ்வூரில் குடியிருக்கும் எவரும் அங்கே திருமணம் செய்யலாம். நம் கிராம ஆலயமோ பெரும்பாலும் ஒரு தெருவாருடையது. எங்கள் நோயாளிகளில் பாதிப்பேர் அடுத்த தெருவார். எங்களுக்குத் தெரிந்து அவர்கள் அந்த ஆலயப் படியை மிதித்ததில்லை, மிதிக்க அழைக்கப்பட்டதுமில்லை. "அவுகளும் வருவாகளா?" என்று மெதுவாகக் கேட்டார். வருவார்கள் என்றோம். அவர் சொன்ன அந்தப் பலகைகளைப்பற்றியும் பேசினோம். வியாபாரம் நடந்தது வெளிப்பிராகாரத்தில் என்றும், புறஜாதியார் நின்று ஜெபிக்க இருந்த இடம் அது ஒன்றே என்றும் வேதபண்டிதர் பலர் விளக்குகிறார்கள். அவர் பதில் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார்.

மாதக் கடைசியில் கமிட்டியாரிடமிருந்து கடிதம் வந்தது. முகாமை ஆலயத்தில் நடத்தலாம். இரத்தம் எடுப்பதை மட்டும் பீடத்துக்குப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திச் செய்யவேண்டும். ஊசி, பஞ்சு ஒன்றும் விட்டுப்போகக்கூடாது. ஆரம்பத்தில் ஜெபம் வேண்டும். எல்லாம் நியாயமான நிபந்தனைகள். அதன்பின் மூன்று முகாம்கள் நடந்துவிட்டன. முதல் முறை அடுத்த தெருவார் படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்கள். மூப்பரின் மருமகள் போய் உள்ளே அழைத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்தாள்.

சர்க்கரைப் பரிசோதனைக்காக விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வரும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தவித்தார்கள். ஆகவே ஆலய வளாகத்தில் ஒரு கழிப்பறை கட்டச் சபையார் தீர்மானித்து, குழி வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கம் வேண்டாம், தெற்கே தள்ளி வெட்டுங்கள் என்று இடம் காட்டியவர் மூப்பர்தான்.